இடது கன்னத்தில் மிஞ்சிய தாடி

ஹெல்மெட் சுருங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்கூட்டரில் வங்கிக்குப் போகும்போது வலது காதுக்குக் கீழே எதுவோ அழுத்தியது. நான் தணிக்கைப் பிரிவில் வேலை செய்கிறவன். ஒன்று சரியில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதிய பிறகுதான் எனக்கு நிம்மதி. ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றித் துவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மாட்டினேன். அழுத்தம் போகவில்லை. தேவராஜ அரசு ரோட்டில் ஒரு கடைக்குப் போய் அடுத்த அளவில் புதிதாக ஒன்று வாங்கினேன். அது இடப்பக்கம் தொளதொளவென்று ஆடியது, வலப்பக்கம் பழையபடி இறுக்கியது.

அதையும் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியபோது என் மனைவி வைதேகி வாசலில் நிறுத்தினாள். "ரெண்டு ஹெல்மெட்டும் தப்பு, உங்க மண்டை மட்டும் சரி. அப்படித்தானே?" என்றாள். சிரித்துக்கொண்டே என் தாடிக்குள் விரலை விட்டுத் தடவியவளின் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

காதுமடலுக்கும் தாடை எலும்பின் மூலைக்கும் நடுவே, சிறிய எலுமிச்சம்பழம் போல ஒன்று இருந்தது. வலி இல்லை. அழுத்தினால் லேசாக நகர்ந்தது. தினமும் சவரம் செய்கிறவனாக இருந்திருந்தால், அது நெல்லிக்காயாக இருந்தபோதே கையில் தட்டுப்பட்டிருக்கும். அப்பா போனதிலிருந்து நான் சவரம் செய்யவில்லை. அந்தத் தாடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த நோயைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் அப்பாவை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கூட்டுக் குடும்பத்தில் அவருடைய தம்பிகள் கூப்பிட்டதைக் கேட்டு எங்கள் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. போன மாசியில் அண்ணா காலமானார். பெற்றவர் போனால் ஒரு வருஷம் முகத்தில் கத்தி படாமல் இருப்பதைத் தீட்சை என்பார்கள். எல்லோரும் செய்வதில்லை. சிலர் நாற்பத்தைந்து நாள் இருப்பார்கள், சிலர் ஆறு மாதம். பெரும்பாலோர் பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். நான் வருஷம் முழுக்க இருப்பதாகச் சொன்னேன். எங்கள் குடும்பப் புரோகிதரான மேல்கோட்டை வாத்தியார், வங்கியில் நாலு பேர் முன்னால் உட்கார வேண்டியவன் என்பதால் தலைமுடியைக் குறைத்துக்கொள்ளலாம், தாடி போதும் என்று சலுகை கொடுத்தார்.

மைசூரில் தாடிக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவரவரே ஒரு காரணத்தை எடுத்துக்கொள்வார்கள். கார்த்திகையில் என் பிரிவில் இருந்தவர்கள் எந்தத் தேதியில் சபரிமலை என்று விசாரித்தார்கள். வங்கிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மஞ்சண்ணா, மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் முடி வெட்டிக்கொள்ளாத வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு, இந்த வயதில் இதெல்லாம் தேவையா சார் என்று காதோடு கேட்டார். வைதேகியிடம் அதைச் சொன்னபோது ஒரு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

நான் தாடி வைத்ததற்குக் காரணம் சாஸ்திரம் மட்டும் இல்லை. எனக்கு ஆறு வயதானபோது தாத்தா இறந்துபோனார். அந்த வருஷம் அண்ணாவுக்குத் தாடி இருந்தது. அதற்கு முன்பெல்லாம் அவர் காலையில் ஜன்னல் கம்பியில் தொங்கும் வட்டக் கண்ணாடி முன்னால் நின்று வழித்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போவார். மாலையில் அப்படியே சீட்டாடப் போய்விடுவார். அவர் வீடு திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். தாடி வைத்திருந்த வருஷம் மட்டும் ஆபீஸ் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் என்னைக் கூட்டிக்கொண்டு நடப்பார். கூழைக்கடாக்கள் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவோம். படுக்கையில் அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். தேங்காயெண்ணெய் வாசனையும் மூக்குப்பொடி வாசனையும் வரும். முதலில் கொஞ்ச நாள் தாடியில் ஊதா நிற மை ஒட்டியிருக்கும். எழுதும்போது பேனாவை மோவாயில் வைத்துக்கொண்டு யோசிப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தாடி இல்லை. கைக்குழந்தையாக இருந்த தங்கை அவரிடம் போக மறுத்து அழுதாள். கொஞ்ச நாளில் அவர் மறுபடி சீட்டாடப் போக ஆரம்பித்தார். அண்ணா எங்களோடு இருந்த வருஷம் என்று யோசித்தால் அந்தத் தாடி வருஷம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அதனால்தான் அவருடைய பன்னிரண்டாம் நாளில், அவர் தாத்தாவுக்கு இருந்த மாதிரி நானும் ஒரு வருஷம் இருக்கப்போகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்டியைக் கண்டபோது வருஷம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை.

காது மூக்கு தொண்டைப் பிரிவின் காத்திருப்பு அறையில் நாற்காலிகள் ஒன்றோடொன்று இணைத்த இரும்பு வரிசைகளாக இருந்தன. ஒருவர் எழுந்தால் வரிசை முழுவதும் ஆடும். எதிர் வரிசையில் மொட்டைத் தலையோடு இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. நஞ்சன்கூடு கோயிலில் மகனுக்காக முடி கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தலையில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றி, அது நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். புற்றுநோய் மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று எனக்குத் தெரியும். சந்தனம் பூசியவள் தன் பையிலிருந்து பிரசாதப் பொட்டலத்தை எடுத்து, கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து, கேட்காமலே பக்கத்தில் இருந்தவளின் தலையிலும் தடவிவிட்டாள். குளிர்ச்சியாக இருக்கும் என்றாள். அவள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்களில் யார் கொடுத்தவள், யாரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்று புதிதாக வந்தவர்களால் சொல்லியிருக்க முடியாது.

அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பெண்மணி. எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் உள்ளவர். எனக்கு அது பிடித்திருந்தது. காதுக்கு முன்னாலும் கீழேயும் உமிழ்நீர் சுரக்கும் சுரப்பி ஒன்று இருக்கிறது, பரோட்டிட் என்று பெயர், கட்டி அதில்தான் இருக்கிறது என்றார். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் செல்களை உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்த ஊசி எறும்பு கடித்ததற்கு மேல் வலிக்கவில்லை. எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன்தான் கஷ்டம். குறுகிய குழாய்க்குள் படுக்கவைத்து, தகரக் கொட்டகையின் மேல் கல்லெறிவது போன்ற சத்தத்தில் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். நான் கூழைக்கடாக்களை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஊசிப் பரிசோதனையின் முடிவு தெளிவாக வரவில்லை. பெரும்பாலும் கெடுதல் இல்லாத கட்டிதான், ஆனால் சில செல்களின் தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று இருந்தது. டாக்டர் தன் கையை என் கன்னத்தில் வைத்துக் காட்டினார். மணிக்கட்டு என் காதடியில், ஐந்து விரல்களும் விரிந்து நெற்றி, கண், கன்னம், உதடு, மோவாய் வரை. முகநரம்பு இப்படித்தான் சுரப்பிக்குள் புகுந்து பிரிகிறது. கண்ணை மூடுவதும் சிரிப்பதும் அதன் வேலை. கட்டியை எடுக்கும்போது அந்த நரம்பைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் இந்த அறுவை சிகிச்சையில் பெரிய காரியம் என்றார்.

எப்போது சேர்கிறீர்கள் என்று கேட்டார். மாசி முடிந்து வருகிறேன் என்றேன். காரணத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. தள்ளிப்போடுவதால் ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆனால் கட்டிக்கும் நரம்புக்கும் நடுவே இன்றைக்கு இருக்கிற இடைவெளி அன்றைக்கும் இருக்கும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். அதையும் இரண்டு முறை சொன்னார். ஒரு வாரம் யோசிக்க நேரம் கொடுத்தார்.

ஆட்டோ பாதி தூரம் வந்திருந்தது. வைதேகி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போனவாளுக்காகத் தாடி வெச்சிண்டிருக்கேள். சரி. இருக்கறவாளுக்காக என்ன வெச்சிண்டிருக்கேள்னு சொல்லுங்கோ."

நான் டிரைவரிடம் இடப்பக்கம் திரும்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே மேல்கோட்டைக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். வாத்தியார் நான் சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. வியாதிக்குக் குறுக்கே சாஸ்திரம் நிற்காது, இன்றைக்கே எடுத்துவிடும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார். சாஸ்திரம் விட்டுவிட்டது. எனக்குத்தான் விட மனம் வரவில்லை. அண்ணா எந்த அரைகுறையும் இல்லாமல் இருந்த வருஷத்தை நான் ஒன்றேமுக்கால் மாதம் முன்னதாக உடைத்துக்கொள்வதா என்று இருந்தது. நாட்குறிப்பில் 'தள்ளிப்போடலாம்' என்று எழுதினேன். அன்று இரவு வைதேகி என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அம்மா சமையலறையில் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். மைசூர்க் குளிரில் அவரை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் வேறு பருப்பு வேகாது. அம்மாவிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எழுபத்தெட்டு வயது, எதற்குக் கலவரப்படுத்துவது என்று இருந்தோம். நான் காபி டம்ளரோடு எதிரில் உட்கார்ந்ததும் தலை நிமிராமல் கேட்டாள்.

"தாடிக்காக ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கியாமே."

"யார் சொன்னா?"

"இந்தாத்துல கதவுக்குக் காது இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

நான் சொன்னேன். அண்ணா தாத்தாவுக்கு ஒரு வருஷம் முழுக்க இருந்தாரே, அதைக்கூட நான் அவருக்குச் செய்யவில்லை என்றால் எப்படி என்று கேட்டேன்.

அம்மாவின் கை நின்றது. "தாத்தாவுக்கா?"

"அந்த வருஷம்தானே தாத்தா போனார்."

"போனார். அதுக்கும் தாடிக்கும் என்ன சம்பந்தம்? பதிமூணாம் நாள் மொழுமொழுன்னு ஆபீஸ் போனவர் உங்கண்ணா. அப்பறம்தான் சலூன்ல எவனோ அழுக்குக் கத்தியப் போட்டு, மோவாய் பூரா புண்ணாகிச் சீழ் வெச்சுது. பெரியாஸ்பத்திரில ஊதா மருந்தைத் தடவி, கத்தியே படப்படாதுன்னுட்டா."

ஊதா மை எனக்கு நினைவுக்கு வந்தது. பேனாவை மோவாயில் வைத்துக்கொண்டு அண்ணா யோசித்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அம்மா ஒரு கொட்டையைப் பிதுக்கினாள். பருப்பு கிண்ணத்தில் விழுந்தது, தோல் விரலில் ஒட்டிக்கொண்டது. "ரெண்டு மாசத்துல புண் ஆறிடுத்து. எடுத்துடறேன்னு கண்ணாடி முன்னாடி நின்னார். நீ பிரஷ்ஷைப் பிடுங்கிண்டு கொல்லைக்கு ஓடிட்டே. அந்தத் தாடியைப் பிடிச்சிண்டாத்தான் தூங்குவே நீ. 'குழந்தை தூங்கமாட்டேங்கறான், இருந்துட்டுப் போகட்டும்'னு விட்டுட்டார். சீட்டாடற எடத்துல சாமியார் வந்தாச்சுன்னு கேலி பண்ணினாளாம். ரோஷம் வந்து அங்க போறதையே விட்டுட்டார். கடைசில கலெக்டர் யாரோ வரார்னு ஆபீஸ்ல கண்டிப்பாச் சொன்னதுக்கப்பறம்தான் எடுத்தார்."

"இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாமே."

"பன்னெண்டாம் நாள் எனக்கு வாயைத் தொறக்கத் தெம்பில்லை. அப்பறம் உனக்குத் தாடி வளந்துது. காலம்பற நீ வந்து இப்படிக் காபிக்கு உக்காந்தா அவர் உக்காந்தாப்லயே இருந்துது. சும்னே பாத்துண்டு இருந்துட்டேன்."

எங்கள் வீட்டுத் தமிழில் கன்னடம் இப்படித்தான் ஒரு சொல்லாக வந்து விழும். சும்மா என்று சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

கிண்ணத்தை நகர்த்திவிட்டு அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். தன் அத்தை ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். இருபது வயதில் கணவனை இழந்தவள். பத்தாம் நாள் அவள் தலையை மழித்து, காவிப் புடவை கட்டி, ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். சாகும்வரை மாதம் ஒருமுறை நாவிதர் கொல்லைப்புற வழியாக வருவார். "எனக்கு யாரும் அப்படிப் பண்ணலை. என் மயிர் என் தலைல இருக்கு. மயிருக்காக மனுஷாளை அழவிட்டதெல்லாம் போறும். போய் டாக்டருக்குப் போன் பண்ணு."

நான் எழுந்து கூடத்துக்குப் போய்ப் போன் செய்தேன். வைதேகி மாடிப்படியில் துணிக்கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிதுக்கின அவரைக் குழம்பில் என் தட்டில் மட்டும் பருப்பு அதிகமாக விழுந்தது.

இரண்டு பேர் தங்கும் அறையில் இடம் கிடைத்தது. இன்னொரு கட்டிலில் இருந்தவர் சாமராஜநகரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹபீப் பாய். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் பேசுபவர். மோவாய்க்கு அடியில் இருக்கும் சுரப்பியில் கல் அடைத்துக்கொண்டு, சாப்பிடும்போதெல்லாம் வீங்கி உயிரை எடுத்ததால் சுரப்பியையே எடுக்கப்போகிறார்கள். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. முதல் ஐந்து நிமிஷத்திலேயே என் தாடியின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"உங்களுது ஒரு வருசத் தாடிங்க ஐயங்காரே. வாடகை வீடு மாதிரி. எங்களுது சொந்த வீடு," என்றார். ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து அவர் தாடியை எடுத்ததில்லை. நபிவழி என்பதால் வைத்தது. மருத்துவத்துக்காக எடுப்பதில் குற்றமில்லை என்று தங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஆனாலும் அவருக்குள் ஏதோ இருந்தது. பேசும்போது கை அடிக்கடி தாடிக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை ஆண் செவிலியர் ஒருவர் மின்சாரக் கத்தரியோடு வந்தார். கத்தி வைத்து வழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அதன் வழியாகக் கிருமி புகும், அதனால் இப்போது கத்தி வைப்பதில்லை என்று விளக்கினார். அண்ணாவின் மோவாயை நினைத்துக்கொண்டேன். டாக்டர் எழுதியிருந்தபடி எனக்கு வலப்பக்கம் மட்டும் எடுத்தால் போதும். முழுவதும் எடுத்துவிடட்டுமா, பார்க்க நன்றாக இருக்காதே என்று கேட்டார். வேண்டாம், இடது பாதி இருக்கட்டும் என்றேன்.

வைதேகி நிமிர்ந்து பார்த்தாள். "இந்தப் பாதி யாருக்கு?"

"அம்மாவுக்கு," என்றேன்.

அடுத்தது ஹபீப் பாய். கத்தரி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் எதையோ ஓதினார். முடிந்ததும் முடியைக் கூட்டி எடுக்க விடவில்லை. அவர் மனைவி பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து, விழுந்ததையெல்லாம் கையாலேயே சேர்த்துப் போட்டார். உடம்பிலிருந்து வந்ததைக் குப்பையில் போடக் கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும், வீட்டில் மாதுளைச் செடி இருக்கிறது, அதன் கீழே வைத்துவிடுவோம் என்றார். எங்கள் வீட்டில் வெட்டிய முடி தீட்டு. அது விழுந்த இடத்தைக் கழுவிவிட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதை நான் சொன்னதும் ஹபீப் பாய் என் கட்டிலுக்கு அடியில் கிடந்த கறுப்பும் நரையுமான குவியலைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"குப்பைக்குத்தான் போகும்."

"ஒரு வருசமா அப்பாவுக்கு வளர்த்ததைக் குப்பையிலயா போடுவீங்க? கொண்டாங்க, இதையும் சேர்த்துப் பொதைச்சிரலாம். மாதுளை ரெண்டையும் தாங்கும்."

நான் தடுக்கவில்லை. அவர் மனைவி என் பாதித் தாடியையும் அதே உறையில் போட்டு, வாயை மடித்து, பையின் அடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் கணவரின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். மோவாயில் பள்ளம் இருப்பதே மறந்துபோச்சே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஹபீப் பாய் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். துண்டுக்குள்ளிருந்து, "சிரிச்சு முடிச்சதும் சொல்லு, எடுக்கறேன்," என்று குரல் வந்தது.

அறுவை சிகிச்சை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கில் மூடி வைத்தார்கள், மேல்கோட்டைப் பெருமாளை நினைக்க ஆரம்பித்தேன், நினைத்து முடிக்கவில்லை. விழித்தபோது கழுத்தில் ஒரு சிறு குழாய் செருகியிருந்தது. உள்ளே கசியும் ரத்தம் தேங்காமல் வெளியே வர அது. டாக்டர் குனிந்து, புருவத்தைத் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். கண்ணை மூடுங்கள் என்றார். இடது கண் மூடியது, வலது முழுவதும் மூடவில்லை. சிரியுங்கள் என்றார். சிரித்ததாகத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வலது உதடு நகரவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நரம்பின் ஐந்து கிளையும் முழுசாக இருக்கின்றன, கட்டி ஒட்டிக்கொண்டிருந்ததால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, அதில் களைத்துப்போயிருக்கின்றன, வாரங்களிலோ மாதங்களிலோ விழித்துக்கொள்ளும் என்றார். காதுமடலுக்கு உணர்ச்சி கொடுக்கும் இன்னொரு சிறு நரம்பை வெட்ட வேண்டியிருந்தது. அந்த இடம் மரத்தே இருக்கும். தள்ளிப்போட்டிருந்தால் என்று அவர் தொடங்கவே இல்லை.

பெங்களூரில் படிக்கும் என் மகள் ரஞ்சனி அன்று மாலை வந்து சேர்ந்தாள். கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைத் தானே நடத்த ஆரம்பித்தாள். கன்னத்தை உப்பு, மூக்கைச் சுளி, விசில் அடி என்று அவளும் கூடவே செய்வாள். என் விசிலில் காற்று மட்டும் வரும். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஹபீப் பாய் எனக்குப் பதிலாக அடிப்பார். படுக்கும் முன் வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இமையைக் காகிதப் பட்டையால் ஒட்டுவாள். சின்ன வயதில் அவளுடைய உடைந்த பொம்மைகளுக்கு நான் ஒட்டுப்போட்ட மாதிரியே நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டுவாள். வைதேகி ஒளிபுகும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் ரசீதுகளை அடுக்கிக்கொண்டு காப்பீட்டு மேசைக்கும் பில் மேசைக்கும் நடந்தாள். எதையாவது திருப்பி அனுப்புவார்கள், மறுபடி போவாள். என்னிடம் ஒரு தொகையையும் சொல்லவில்லை. அம்மா குழையப் பிசைந்த ரசஞ்சாதத்தைப் பிளாஸ்கில் கொடுத்தனுப்புவாள். அது என் வலது வாயோரம் வழியும். யாராவது துடைத்துவிடுவார்கள்.

பயம் எல்லாம் நோயியல் அறிக்கைக்காகக் காத்திருந்தபோதுதான். எடுத்த கட்டியை மெல்லிய சீவல்களாக நறுக்கிப் பார்த்துச் சொல்ல ஒரு வாரம் ஆகும் என்றிருந்தார்கள். வீடு திரும்பிய பிறகு, தையல் பிரிக்கப் போன அன்று அறிக்கை வந்திருந்தது. புற்றுநோய் இல்லை, பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற சாதுவான கட்டி, முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் வழக்கம்போல் இரண்டு முறை சொன்னார். வெளியே வந்ததும் வைதேகி நடைவழியில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முள் ஆடி நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டில் நான் வட்டக் கண்ணாடியைத் தவிர்த்தேன். ஒரு பக்கம் தாடி, மறுபக்கம் காதைச் சுற்றித் தழும்பும் தொங்கும் உதடும். வெளியே போனால் முகக்கவசம் மறைத்தது. காலையில் காபிக்கு உட்காரும்போது மட்டும் அம்மாவுக்கு என் இடப்பக்கம் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள். பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அவசரமில்லாமல் குடிப்பேன். ஹபீப் பாய் ஒருநாள் போன் செய்து, நம்ம தாடி ரெண்டும் நல்லபடியாக அடக்கம் ஆகிவிட்டது, மாதுளை பூத்தால் சொல்கிறேன் என்றார்.

அண்ணாவின் முதல் வருஷத் திதியான ஆப்திகத்துக்கு முந்தின நாள் காலை, நான் கேட்காமலே அம்மா சொன்னாள்: "போறும்டா. எடுத்துடு."

அண்ணாவின் வட்டக் கண்ணாடி இன்னும் அதே ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. வெந்நீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். இடது கன்னத்துத் தாடியைக் கத்தரித்து, நுரை தடவி, மெதுவாக வழித்தேன். வலப்பக்கம் லேசாக முளைத்திருந்ததையும் தழும்பில் படாமல் எடுத்தேன். கத்தி புதியது. அம்மா சமையலறை வாசலிலிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

முகம் கழுவியதும், "காதுகிட்ட நுரை நிக்கறது பாரு," என்றாள். எங்கே என்று தடவினேன். எனக்குத் தட்டுப்படவில்லை. அவள் முந்தானை நுனியை எடுத்து வலது காதுக்குக் கீழே துடைத்தாள். துடைத்த பிறகும் கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் மரத்திருந்தது; கை சூடாக இருந்ததா, ஈரமாக இருந்ததா என்று இப்போதும் என்னால் எழுத முடியாது. கண்ணாடியில் அது என் காதடியில் இருந்தது, அவ்வளவுதான். நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

"இப்பப் பாரு," என்றாள் கண்ணாடியைக் காட்டி. "அவரேதான்."

நான் சிரித்தேன். இடது உதடு உடனே உயர்ந்தது. வலது உதட்டின் ஓரம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, கூப்பிட்டது தாமதமாகக் காதில் விழுந்ததைப் போல, அதுவும் மெல்ல நகர்ந்தது.